ஒளியால் புற்றுநோயை அழிக்கும் நானோ துகள்: எலிக்கும் நமக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

"புற்றுநோயை ஒளியால் அழிக்கும் நானோ துகள் கண்டுபிடிப்பு." இந்த மாதிரி ஒரு தலைப்பு உங்கள் கைத்தொலைபேசியில் எத்தனை முறை வந்திருக்கும்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா அனுப்பியிருப்பார். கூடவே ஒரு வரி: "இதை மாமாவோட டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க."

தலைப்பு பெரும்பாலும் பொய் இல்லை. ஆய்வு உண்மையாகவே நடந்திருக்கும். நல்ல பல்கலைக்கழகம், நல்ல ஆய்விதழ். ஆனால் சுருங்கியது எலியின் கட்டி. அந்த எலிக்கும் மாமாவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? "இன்னும் ஆராய்ச்சி தேவை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரிக்குள்தான் உண்மையான கதை இருக்கிறது. அதில் சிங்கப்பூருக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒளி எப்படிப் புற்றுநோயைக் கொல்லும்?

முதலில் ஒன்று. ஒளியால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தருவது புது விஷயமே இல்லை. 100 ஆண்டுக்கும் மேலான யோசனை அது.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர் நீரில் வாழும் ஓரணு உயிரினங்களை அக்ரிடின் என்ற சாயத்தில் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார. சில நேரம் அவை சீக்கிரம் செத்தன, சில நேரம் சாகவில்லை. சாயத்தின் அளவு அதேதான். அப்புறம்தான் புரிந்தது, வித்தியாசம் வெளிச்சத்தில் இருக்கிறது என்று. சாயம் மட்டும் இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வெளிச்சம் மட்டும் பட்டாலும் ஒன்றும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் விஷம். 1900ஆம் ஆண்டில் அவர் அதை வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே அவருடைய பேராசிரியர் ஹெர்மன் ஃபான் டாப்பைனர் குழு இயோசின் என்ற சாயத்தைத் தோல் கட்டிகளில் தடவி ஒளி பாய்ச்சிப் பார்த்தது.

இன்று ஃபோட்டோடைனமிக் சிகிச்சை என்று மருத்துவர்கள் சொல்வது அதே தத்துவம்தான். ஒளியுணர் மருந்து ஒன்றை உடலுக்குள் செலுத்துகிறார்கள். அது கட்டியில் சேரும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு குறிப்பிட்ட நிறத்தில் லேசர் ஒளியைக் கட்டிமீது பாய்ச்சுகிறார்கள். மருந்து ஒளியை உறிஞ்சி, பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்கு அந்த ஆற்றலைக் கொடுக்கிறது. ஆற்றல் கிடைத்த ஆக்சிஜன் சும்மா இருக்காது. கண்ணில் படும் கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் சிதைக்கும். ஆனால் அதன் ஆயுள் ரொம்பக் குறைவு. ஓர் உயிரணுவின் அகலத்தைக்கூடத் தாண்டாமல் அடங்கிவிடும். அதனால் மருந்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் சேதம்.

வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும். ஒரு சாவி மருந்து, இன்னொன்று ஒளி. கீமோதெரபிக்கு இந்த இரண்டாவது சாவி கிடையாது. மருந்து போன இடமெல்லாம் வேலை செய்யும். முடி கொட்டுவதும் வாந்தியும் அதனால்தான். இந்த இரட்டைச் சாவி விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் தாமஸ் டோஹர்ட்டி குழு 1978இல் 25 நோயாளிகளின் 113 கட்டிகளுக்கு இந்தச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்தது. 111 கட்டிகள் முழுமையாகவோ ஓரளவோ சுருங்கின. ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்து 1993இல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், 1995இல் அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் அனுமதி பெற்றது.

அப்படின்னா, 30 ஆண்டுக்கு முன்பே அனுமதி கிடைத்த சிகிச்சை ஏன் பரவலாகவில்லை?

டார்ச் சோதனை

இருட்டான அறையில் கைத்தொலைபேசியின் டார்ச்சை விரல் நுனியில் அழுத்திப் பிடியுங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். டார்ச்சில் இருப்பது வெள்ளை ஒளி, அதாவது எல்லா நிறமும். ஆனால் மறுபக்கம் வருவது சிவப்பு மட்டும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் உறிஞ்சிவிட்டது. இப்போது அதே டார்ச்சை வயிற்றில் வையுங்கள். ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு தெரியும், அவ்வளவுதான். முதுகுப் பக்கம் எதுவும் வராது.

ஃபோட்டோஃப்ரினை எழுப்ப 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி வேண்டும். அது திசுவுக்குள் சுமார் 1 சென்டிமீட்டருக்கு மேல் உருப்படியாகப் போவதில்லை. அதனால்தான் இந்தச் சிகிச்சை தோல், உணவுக்குழாய், சுவாசக் குழாய் என்று வெளிப்பரப்பிலோ குழாயின் உள்சுவரிலோ இருக்கும் கட்டிகளோடு நின்றுவிட்டது. கல்லீரலின் நடுவிலோ கணையத்திலோ இருக்கும் பெரிய கட்டிக்கு வெளியிலிருந்து அடிக்கும் ஒளி போய்ச் சேராது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஃபோட்டோஃப்ரின் ஊசி போட்டபின் லேசர் சிகிச்சைக்கு 40 முதல் 50 மணிநேரம் காத்திருக்கவேண்டும். மருந்து கட்டியில் மட்டும் போய் உட்காராது, தோலிலும் தங்கும். தோலுக்குச் சாவி சூரியன். ஆகக் குறைந்தது 30 நாள் நேரடி வெயிலில் போகக்கூடாது, பளிச்சென்ற விளக்குக்கு அருகிலும் உட்காரக்கூடாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் ஒரு மாதம் வெயில் படாமல் இருப்பது எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். புளோக்கிலிருந்து எம்ஆர்டி நிலையத்துக்கு நடப்பதே பிரச்சினை.

ஆக, பழைய சிகிச்சைக்கு இரண்டு குறைகள். ஒளி ஆழமாகப் போகாது. மருந்து கட்டியில் மட்டும் தங்காது. நானோ தொழில்நுட்பம் இரண்டையும் சரிசெய்வதாகச் சொல்கிறது. முதல் குறையில் அது சாதித்திருப்பது நிறைய. இரண்டாவதில்தான் திணறல்.

சிங்கப்பூரின் நாணய மாற்றுக் கடை

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. ஒரு தாளின் தடிமன் சுமார் 100,000 நானோமீட்டர். இங்கே பேசப்படும் துகள்கள் சில பத்து நானோமீட்டரிலிருந்து 150, 200 வரை இருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டி, அகச்சிவப்பு என்ற பகுதி இருக்கிறது. அதில் குறிப்பிட்ட ஒரு பட்டையை ரத்தமும் குறைவாக உறிஞ்சும், தண்ணீரும் குறைவாக உறிஞ்சும். அதனால் திசுவுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். சரி, அப்போ அதையே பயன்படுத்தலாமே? முடியாது. ஆழமாகப் போகும் ஒளிக்கு ஆற்றல் குறைவு. பெரும்பாலான ஒளியுணர் மருந்துகளை எழுப்ப அது போதாது.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜாங் யோங் குழு எடுத்துக்கொண்ட பிரச்சினை இதுதான். அவர்களுடைய துகள் ஒரு நாணய மாற்றுக் கடை மாதிரி. இரண்டு 5 வெள்ளி நோட்டைக் கொடுத்தால் ஒரு 10 வெள்ளி நோட்டு கிடைக்கும். அதாவது குறைந்த ஆற்றல் கொண்ட அகச்சிவப்பு ஒளித்துகள்களை விழுங்கி, அவற்றின் ஆற்றலைச் சேர்த்து, பச்சையாகவோ சிவப்பாகவோ ஒளிரும். இட்டெர்பியம், எர்பியம் போன்ற அரிய மண் தனிமங்களுக்கு இந்தக் குணம் இருப்பது 1960களிலேயே தெரியும். அதை நானோ துகளாக்கி, மேலே நுண்துளைகள் கொண்ட சிலிக்கா உறை போட்டு, துளைகளுக்குள் ஒளியுணர் மருந்தை நிரப்பினார்கள்.

2012இல் 'நேச்சர் மெடிசின்' ஆய்விதழில் வந்த அவர்களுடைய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரே துகளில் இரண்டு மருந்து: ஒன்று பச்சை ஒளிக்கு விழிக்கும், இன்னொன்று சிவப்புக்கு. வெளியிலிருந்து 980 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் ஒன்றுதான். துகள் உள்ளேயே இரண்டு நிறத்தையும் தயாரித்து இரண்டு மருந்தையும் எழுப்பியது. எலிகளில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க் கட்டியின் வளர்ச்சி தடுக்கப்பட்டது. கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் தமிழ்ப் பெயரும் உண்டு என்பதைச் சும்மா சொல்லி வைக்கிறேன்.

அழகான யோசனைதான். ஆனால் அந்த நாணய மாற்றுக் கடை அடிக்கும் கமிஷன் கொள்ளைக் கமிஷன். உள்ளே போகும் ஆற்றலில் வெளியே ஒளியாக வருவது பெரும்பாலும் ஒரு சில விழுக்காடுதான், பல துகள்களில் அதைவிடவும் குறைவு. ஈடுகட்ட லேசரின் பலத்தைக் கூட்டினால், 980 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீர் ஓரளவு உறிஞ்சுவதால் நல்ல திசுவும் சூடாகும். அதனால் நியோடிமியம் சேர்த்து, தண்ணீர் குறைவாக உறிஞ்சும் 808 நானோமீட்டர் ஒளிக்கு வேலை செய்யும் துகள்கள் பக்கம் பல குழுக்கள் போயின.

ஒளியை உள்ளேயே வைத்துவிட்டால்?

அதே பல்கலைக்கழகத்தில் ஜான் ஹோவும் ஜாங் யோங்கும் சேர்ந்து செய்த அடுத்த ஆய்வு வேறு மாதிரி யோசித்தது. ஒளி உள்ளே போகத் தயங்கினால், விளக்கையே உள்ளே வைத்துவிடலாமே!

2018இல் வெளியான அந்த ஆய்வில் பயன்படுத்திய கருவியின் எடை 30 மில்லிகிராம், கொள்ளளவு 15 கன மில்லிமீட்டர். ஒரு பச்சரிசி மணி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். கம்பி கிடையாது, பேட்டரி கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலை மூலம் மின்சக்தி வாங்கி ஒளிரும். 3 சென்டிமீட்டருக்கும் அதிகத் தடிமன் கொண்ட திசுவைத் தாண்டி ஒளியுணர் மருந்தை அதனால் எழுப்ப முடிந்தது.

இந்தக் கருவியே நானோ இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது, ஏன் என்றால் இது இன்னொரு பிரச்சினையைத் தொடுகிறது. மேலே சொன்ன ஆக்சிஜன் ஞாபகம் இருக்கிறதா? வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதியில் ரத்த ஓட்டம் சரியாக இருக்காது. அங்கே ஆக்சிஜனுக்கு ஏற்கெனவே பஞ்சம். ஒரே தடவையில் பலமாக ஒளி அடித்தால் இருக்கும் கொஞ்சமும் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு ஒளி அடித்தாலும் வீண். கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு, பல நாள் அடித்தால் ஆக்சிஜன் திரும்ப வந்து சேர நேரம் கிடைக்கும். ஆனால் இன்றைய முறையில் ஆழமான கட்டிக்கு ஃபைபர் நுழைத்துத்தான் ஒளி கொடுக்கிறார்கள். ஓர் அறுவைக்கு ஒரு தடவை. யாரும் தினமும் ஃபைபர் நுழைத்துக்கொள்ளத் தயாராக இருக்கமாட்டார்கள். உள்ளேயே இருக்கும் விளக்கு என்றால் தினமும் கொடுக்கலாம். விலங்குச் சோதனைகளில் இப்படிப் பல தவணையாக ஒளி கொடுத்துக் கட்டியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தினார்கள்.

ஆக்சிஜனையே துகளில் ஏற்றி அனுப்புவது, கட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து ஆக்சிஜன் தயாரிக்க மாங்கனீசு டைஆக்சைடு துகள்களை அனுப்புவது என்று வேறு முயற்சிகளும் ஆய்வுக்கூடங்களில் நடக்கின்றன. என் கண்ணுக்கு, விளக்கைப் பல நாள் மெதுவாக எரிய விடும் வழிதான் இவற்றைவிட எளிமையாகத் தெரிகிறது. துகளில் எவ்வளவு கூடுதலாகத் திணிக்கிறோமோ, அவ்வளவு கஷ்டம் அதை ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் தயாரிப்பது.

தங்கம் வரும் இடம்

ஆக்சிஜன் தேவையே இல்லாத வழியும் உண்டு: சூடு.

அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில், ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலாஸ், ஜெனிஃபர் வெஸ்ட் இருவரின் குழு ஒரு சிலிக்கா உருண்டைமேல் மெல்லிய தங்க ஓடு பூசியது. ஓட்டின் தடிமனை மாற்றினால், துகள் எந்த ஒளியை உறிஞ்சும் என்பதையும் மாற்றலாம். அகச்சிவப்பை உறிஞ்சும்படி அமைத்தால், லேசர் பட்டதும் துகள் சுடும். தங்கம் இல்லாத இடத்தில் அதே லேசர் பெரிதாகச் சூடேற்றாது. இங்கேயும் இரட்டைச் சாவிதான்.

2003இல் எலிகளில் இது வேலை செய்தது என்று காட்டினார்கள். மனிதர்களிடம் செய்த ஒரு சோதனையின் முடிவுகள் வந்தது 2019இல். 16 ஆண்டு இடைவெளி. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனை முன்னின்று நடத்திய அந்தச் சோதனையில் 16 ஆண்கள். எல்லாருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பியில் ஆரம்ப நிலை அல்லது நடுத்தர அபாயமுள்ள புற்றுநோய். ப்ராஸ்டேட்டைச் சுற்றி நுண்ணிய நரம்புகளும் சிறுநீர்க் குழாயும் இருக்கின்றன. வழக்கமான அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் போவது, தாம்பத்திய வாழ்க்கை பாதிக்கப்படுவது ஆகியவைதான் நோயாளிகளின் பெரிய பயம்.

தங்கத் துகளை ரத்தத்தில் ஏற்றி, பின்னர் எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட் படங்களின் உதவியோடு கட்டியை லேசரால் சுட்டார்கள். 16 பேரில் 15 பேருக்குச் சிகிச்சையைத் திட்டமிட்டபடி செய்ய முடிந்தது. கடுமையான பாதிப்பு இல்லை. சிறுநீர்ப் பிரச்சினை, பாலியல் ஆரோக்கியம் இரண்டையும் அளக்கும் மதிப்பெண்களில் முன்னுக்கும் பின்னுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். இந்த 15 என்ற எண் செய்திகளில் "94 விழுக்காடு வெற்றி" என்று வலம் வந்தது. அது சிகிச்சையைச் செய்து முடிக்க முடிந்ததற்கான கணக்கு. 94 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. சோதனையின் நோக்கமே "இது முடியுமா, பாதுகாப்பானதா" என்று பார்ப்பதுதான்.

இன்னொன்று. இந்தச் சோதனையில் ஒளி வெளியிலிருந்து மாயமாக ஆழத்துக்குப் போகவில்லை. மெல்லிய லேசர் ஃபைபரைக் கட்டி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனார்கள். அப்போ நானோ எதற்கு? எல்லைக் கோடு போட. ஃபைபர் ஒளியைக் கொண்டுபோனது. எந்தத் திசு சுடவேண்டும், எது சுடக்கூடாது என்பதைத் தங்கம் தீர்மானித்தது. நானோ என்றால் ஆழமாகப் போகும் ஒளி என்றுதான் தலைப்புகள் சொல்கின்றன. மனிதரிடம் அது நிரூபித்துக் காட்டியது வேறு: நல்ல திசுவுக்கும் கெட்ட திசுவுக்கும் நடுவில் உள்ள அந்தக் கோட்டைத் துல்லியமாக்குவது. கேட்க அவ்வளவு கவர்ச்சியாக இல்லைதான். ஆனால் சிறுநீரை அடக்க முடியுமா முடியாதா என்று கவலைப்படும் ஒருவருக்கு அதுதான் எல்லாமே.

1,000 துகள் ஏறினால் 7 துகள் இறங்கும்

இப்போது இரண்டாவது குறைக்கு வருவோம்: துகள் கட்டிக்குப் போய்ச் சேருகிறதா?

நானோ மருந்துத் துறை பல ஆண்டுகள் ஒரு நம்பிக்கைமேல் நின்றது. கட்டிக்குள் இருக்கும் ரத்தக் குழாய்கள் அவசரத்தில் கட்டிய வீடு மாதிரி, சுவரெல்லாம் ஓட்டை. நானோ துகள் அந்த ஓட்டை வழியே கசிந்து உள்ளே தங்கிவிடும், நல்ல குழாய்களில் அப்படி ஓட்டை இல்லை என்பதால் மற்ற இடங்களில் தங்காது. 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மயேடாவும் சொன்ன கருத்து இது. இதை நம்பி ஆயிரக்கணக்கான ஆய்வுகள் நடந்தன.

2016இல் கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சான் குழு ஒரு வேலை செய்தது. அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் வெளியான விலங்கு ஆய்வுகளை எடுத்து, ரத்தத்தில் செலுத்திய துகள்களில் எத்தனை கட்டிக்குப் போய்ச் சேர்ந்தன என்று கணக்குப் போட்டது. இடைநிலை மதிப்பு 0.7 விழுக்காடு.

அதாவது ஜூரோங்கில் 1,000 பேர் ரயில் ஏறினால், போகவேண்டிய நிலையத்தில் இறங்குவது 7 பேர். மீதிப் பேர் எங்கே? பெரும்பாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் இறங்கிவிடுகிறார்கள். ரத்தத்தில் வரும் அந்நியப் பொருளைப் பிடிப்பதுதான் அந்த உறுப்புகளின் வேலை. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றவேண்டும் என்றால் துகள் சுமார் 6 நானோமீட்டருக்குள் இருக்கவேண்டும். 150 நானோமீட்டர் தங்கத் துகளுக்கு அந்த வாசல் கிடையாது.

2020இல் அதே குழு இன்னொரு குண்டு போட்டது. கட்டிக்குள் போன துகள்களில் 97 விழுக்காடு வரை ஓட்டை வழியே கசியவில்லை, ரத்தக் குழாயின் உயிரணுக்களே அவற்றைத் தூக்கி உள்ளே கடத்தின என்றது அந்த ஆய்வு. ஓட்டை வழிக் கதையை மட்டும் நம்பி வடிவமைத்த துகள்கள் ஏன் எதிர்பார்த்த அளவு போய்ச் சேரவில்லை என்பதற்கு அது ஒரு விளக்கம்.

இந்த 0.7ஐ வைத்து "நானோ தோற்றுவிட்டது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சாதாரண மருந்துகளிலும் கட்டிக்குப் போய்ச் சேருவது சிறு பங்குதான். அதைவிட முக்கியம், அந்த இரட்டைச் சாவி. கீமோதெரபி மருந்தை ஏற்றிய துகள் கல்லீரலில் இறங்கினால், மருந்தும் அங்கே இறங்கும். ஒளிக்குக் காத்திருக்கும் துகள் கல்லீரலில் இறங்கினால்? அங்கே ஒளி இல்லை. இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும். 993 பேர் தப்பான நிலையத்தில் இறங்கினாலும் கலாட்டா செய்யாமல் இருப்பார்கள். நானோவும் ஒளியும் பொருத்தமான ஜோடி என்று நான் நினைப்பது இந்தக் காரணத்தால்தான், ஆழத்தால் அல்ல.

ஆனால் சும்மா உட்காருவது என்றாலும், எத்தனை ஆண்டு? தங்கத் துகள்கள் கல்லீரலில் நீண்ட காலம் தங்குகின்றன. தங்கம் பொதுவாக உடலோடு வம்பு செய்யாத உலோகம். இட்டெர்பியம், எர்பியம் விஷயத்தில் அந்த அளவு அனுபவம் இல்லை. 70 வயது நோயாளிக்கு இது சின்னக் கேள்வியாக இருக்கலாம். 25 வயதில் புற்றுநோய் வந்து, இன்னும் 50 ஆண்டு வாழவேண்டிய ஒருவருக்குச் சின்னக் கேள்வி இல்லை. மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள் அவசரப்படாமல் இருப்பதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

எலி சின்னது. இதுதான் மேட்டர்

கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஆனால் இந்தத் துறையில் பாதிப் பிரச்சினை இதுதான்.

ஆய்வுக்கூட எலியின் கட்டி பெரும்பாலும் தோலுக்கு அடியில் வளர்க்கப்பட்டது. சில மில்லிமீட்டர் ஆழம். எலியின் உடல் மொத்தமே சில சென்டிமீட்டர்தான். "1 சென்டிமீட்டர் ஆழம் வரை வேலை செய்தது" என்றால் எலிக்கு அது கிட்டத்தட்ட உடல் முழுக்க. மனிதருக்கு அது தோல், கொழுப்பு, கொஞ்சம் தசை. அதோடு எலியின் கட்டி இரண்டு மூன்று வாரத்தில் வேகமாக வளர்ந்தது, ரத்தக் குழாய்கள் அதிகம் கசிபவை. மனிதரின் கட்டி பல ஆண்டுகளாக வளர்ந்தது, உள்ளே அழுத்தம் அதிகம், ஒவ்வொருவருக்கும் வேறு மாதிரி. எலிக்கு ஊசி போட்டது மாதிரி நமக்கும் போட்டால் அதே பலன் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

மனிதரிடம் நானோவும் ஒளியும் சேர்ந்து வேலை செய்த உதாரணம் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. அது புற்றுநோய் இல்லை, கண். வெர்ட்டெபோர்ஃபின் என்ற ஒளியுணர் மருந்து நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைக்கப்பட்டு வருகிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. விழித்திரைக்கு அடியில் தேவையில்லாத ரத்தக் குழாய்கள் வளரும் நோய்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு வகைக்கு எந்தச் சிகிச்சை சிறந்தது என்று பார்த்த அனைத்துலக ஆய்வில் சிங்கப்பூர்க் கண் மருத்துவர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. கண்ணில் இது ஏன் எளிதாக வந்தது? கண் என்பது ஒளி உள்ளே போவதற்காகவே அமைந்த உறுப்பு. ஆழப் பிரச்சினையே அங்கே கிடையாது.

சரி, மாமாவோட டாக்டர்கிட்ட கேட்கலாமா?

கேட்கலாம். தப்பே இல்லை. ஆனால் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும்.

ஒளிச் சிகிச்சை, அது பழையதோ நானோவோ, ஒளி படும் இடத்துக்கு மட்டும்தான். புற்றுநோய் பல உறுப்புகளுக்குப் பரவிவிட்டது என்றால் ஒவ்வொரு கட்டிக்கும் ஒளி கொண்டுபோக முடியாது. ஒளியால் செத்த புற்றுநோய் உயிரணுக்கள் உடலின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பி, மற்ற இடத்துக் கட்டிகளையும் தாக்க வைக்குமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் அதை நம்பி இன்றைக்கு ஒரு சிகிச்சையை முடிவு செய்ய முடியாது.

வெயிலால் தோலில் வரும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள், மேலோட்டமான சில தோல் புற்றுநோய்கள், உணவுக்குழாய் அல்லது சுவாசக் குழாய்க் கட்டிகள் சில: இவற்றுக்கு வழக்கமான ஒளிச் சிகிச்சை பல நாடுகளில் உண்மையான, அனுமதி பெற்ற வழி. தோலுக்கு என்றால் பல நேரம் ஊசிகூடக் கிடையாது, களிம்பு தடவி, சில மணிநேரம் விட்டு, ஒளி காட்டுவார்கள். எரியும், சிவக்கும், சிலருக்கு வலி அதிகமாகவே இருக்கும். ஜப்பானில் 2020இல், அறுவையால் எடுக்க முடியாத தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு, எதிர்ப்பொருளோடு ஒளியுணர் சாயத்தை ஒட்டி அனுப்பும் புதிய மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது நானோ துகள் இல்லை, ஆனால் குறி அதே குறிதான்: மருந்து கட்டியில் மட்டும் ஒட்டவேண்டும்.

மேலே பார்த்த அகச்சிவப்பு நாணய மாற்றுத் துகள்களோ தங்க ஓட்டுத் துகள்களோ வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சையாக இன்னும் வரவில்லை. அதனால் எங்கேயாவது ஒரு நிலையம் "நானோ ஒளிச் சிகிச்சை, எல்லா வகைப் புற்றுநோய்க்கும்" என்று கட்டணப் பட்டியலோடு விளம்பரம் செய்தால், நம்புவதற்கு முன்பு சில கேள்விகள். எந்தத் துகள், எந்த மருந்து? எந்த நாட்டில் அனுமதி பெற்றது? சோதனை என்றால் அது எங்கே பதிவாகியிருக்கிறது? ஒளி எந்த வழியாகக் கட்டிக்குப் போகிறது? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், மற்றதைக் கேட்கத் தேவையில்லை. தோலின்மேல் சிவப்பு விளக்கைக் காட்டிக் கணையத்தில் இருக்கும் கட்டியைக் கரைக்க முடியாது என்பதை உங்கள் டார்ச் சோதனையே சொல்லிவிட்டது.

மருத்துவர் ஏற்கெனவே அறுவைக்கோ கதிரியக்கச் சிகிச்சைக்கோ நாள் குறித்துவிட்டார் என்றால், ஒரு தலைப்பைப் பார்த்து அந்தத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லாதீர்கள். எலியிலிருந்து 16 மனிதர்களுக்கு வர தங்கத் துகளுக்கு 16 ஆண்டு பிடித்தது. கட்டி அவ்வளவு நாள் காத்திருக்காது.